தும்பைக்கு எதிரான மனு

அந்தத் ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். மன்னிக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் கண்ணில் பட்டது. ஒரு பக்க மனுவில் மூன்று இடத்தில் தாழ்மை இருக்கிறது. பட்டாவில் பெயர் மாற்றுவது அவர்கள் வேலை. வேலையைச் செய்யுங்கள் என்று சொல்ல எதற்குத் தாழ்மை? ‘கோருகிறேன்’ என்று எழுதுங்கள். வேண்டுவதெல்லாம் கோயிலில். அலுவலகத்தில் கோர வேண்டும்.

உங்கள் டோக்கன் எண்பத்தெட்டா? எனக்குத் தொண்ணூற்று நான்கு. இப்போதுதான் முப்பத்தொன்றைக் கூப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் இப்படித்தான். கலெக்டர் மேடையில் உட்கார்ந்திருப்பார், மைக்கில் ஒவ்வொருவரும் குறையைச் சொல்ல வேண்டும், மண்டபம் முழுவதும் கேட்கும். வெட்கப்பட்டுக்கொண்டு மெல்லப் பேசாதீர்கள். உங்கள் குறையை நாலு பேர் கேட்டால்தான் அதிகாரிக்கு உறைக்கும். நாற்பத்தாறு வருடமாக மனு எழுதுகிறவன் சொல்கிறேன்.

என் பெயர் வையாபுரி. மில் தொழிலாளியாக இருந்தேன். மில் இப்போது இல்லை. அந்த இடத்தில் துணிக்கடையும் சினிமாவும் சேர்ந்த ஒரு கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான். படித்ததெல்லாம் துண்டறிக்கையில். பதினேழு வயதில் மில் கேட்டில் நின்று சங்க நோட்டீஸ் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். என்ன இருக்கிறது என்று தெரியாத காகிதத்தை ஒருவன் கையில் கொடுக்கக் கூடாது அல்லவா? அப்படிப் படித்தே தமிழ் வந்தது. பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். கதவடைப்புக் காலத்தில் நான் எழுதிய நோட்டீஸை போலீஸ்காரர்களே வாங்கிப் படித்தார்கள்.

நான் வந்த விஷயமா? பூங்கா. எங்கள் காலனிப் பூங்கா.

சிரிக்கிறீர்கள். பூங்காவுக்கு ஒரு கிழவன் எதற்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறான் என்று நினைக்கிறீர்கள். கேளுங்கள், நேரம் இருக்கிறது.

எங்கள் காலனியை மனைகளாகப் பிரித்தபோது பூங்காவுக்கென்று அறுபது சென்ட் ஒதுக்கினார்கள். ரிசர்வ் சைட் என்பார்கள். அதை விற்கக் கூடாது. ஆனால் மனை போட்டவனின் மகன் அதையும் எட்டுத் துண்டாக்கி விற்கப் பார்த்தான். கம்பி வேலி போட்டான். நாங்கள் பிடுங்கினோம். மறுபடி போட்டான், மறுபடி பிடுங்கினோம். பதினோரு வருடம். வழக்கு, மறியல், முற்றுகை. பதினைந்து நாள் சிறையில் இருந்தேன். கடைசியில் முந்நூற்று நாற்பது கையெழுத்தோடு நான் எழுதிய மனுவைத்தான் நீதிமன்றம் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. நிலம் மாநகராட்சிக்கு வந்தது. சுற்றி நடக்க ஒரு பாதை போட்டார்கள், இரண்டு ஊஞ்சல் வைத்தார்கள், ஒரு கவுன்சிலர் ரிப்பன் வெட்டினார். எனக்கு மாலை போட்டார்களா என்று கேட்காதீர்கள். மாலையை எதிர்பார்க்கிற ஆள் நான் இல்லை. போடவில்லை. அதைச் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தீனியக் களை இடுப்பு உயரம் நின்றது. நான் வருடத்துக்கு இரண்டு மனு கொடுப்பேன். ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வரும்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். தன்னார்வலர்கள்.

மூன்றாவது வீதியில் நிலோஃபர் என்று ஒரு பெண் குடிவந்தது. பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறது. முப்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தீனியத்தைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். கமிட்டி இல்லை. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. தீர்மானம் கிடையாது. நேராகப் பிடுங்குகிறார்கள். உலகத்தில் எந்த வேலையாவது தீர்மானம் போடாமல் நடந்திருக்கிறதா?

பிடுங்கின இடத்தில் என்ன வைத்தார்கள் தெரியுமா? ரோஜா இல்லை. குரோட்டன்ஸ் இல்லை. தும்பை! தும்பை, துத்தி, கொழுஞ்சி, விஷ்ணுகிராந்தி, ஆவாரை, பூளை. ரோட்டோரத்திலும் குளத்துக் கரையிலும் விதை பொறுக்கிக்கொண்டு வந்து ஐப்பசி மழைக்கு முன்னால் தூவினார்கள். ஆடு கடிக்கிற செடியை வேலை மெனக்கெட்டு நடுகிறார்கள். இதற்காகவா நான் பதினோரு வருடம் போராடினேன்?

இல்லை, என்னைக் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கூப்பிட்டது. முதலில் என் மனைவியின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியது. அது அழைப்பா? அச்சடிக்காத அழைப்பு என்ன அழைப்பு? பிறகு வீட்டுக்கே வந்தது, இரண்டு தடவை. நான் உள்ளறையில் இருந்தேன். இல்லையென்று சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவை வந்திருந்தால் போயிருப்பேன். அதுதான் முறை. அந்தப் பெண்ணுக்கு முறை தெரியவில்லை.

இரண்டாவது தடவை வந்தபோது வாசலில் நின்று என் மனைவியிடம் பேசியது எனக்குக் கேட்டது.

“ஏனுங்க்கா, இந்தத் தொட்டியில இருக்கறது பூளைங்களா?”

“ஆமாங் கண்ணு. தானா மொளைச்சுது. எனக்குப் புடுங்க மனசு வல்லை.”

“எங்களுக்குக் கொஞ்சம் விதை வேணுமேக்கா. நீங்களே வந்து தூவிக் குடுக்கறீங்களா?”

அவ்வளவுதான். மறு ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி, என் மனைவி பெயர் சாந்தாமணி, முந்தானையில் விதையை முடிந்துகொண்டு போய்விட்டாள். நாற்பத்து நான்கு வருடத்தில் என்னுடைய ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை, அது வேறு. மறியல், லத்தி என்று இருக்கிற இடம். பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்து சமைத்துப் போட்டால்தான் நாங்கள் தெருவில் நிற்க முடியும். அதுவும் போராட்டம்தான் என்று மேடையிலேயே பேசியிருக்கிறேன்.

நாற்பத்தைந்தாவது டோக்கனைக் கூப்பிட்டார்களா? இல்லை, இப்போது நாற்பத்து நான்கு. அந்த அம்மாள் முதியோர் உதவித்தொகைக்கு வந்திருக்கிறது போல. பாருங்கள், மைக்கை எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்கிறது. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆம். கார்த்திகையில் பூத்தது. பூக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளையாகத் தும்பை, ஊதாவாகக் கொழுஞ்சி, மஞ்சளாகத் துத்தி. பட்டாம்பூச்சி வந்தது. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு பூச்சிக்கும் போட்டோ எடுத்தார்கள். தேனீக்கு யாராவது போட்டோ எடுப்பார்களா? ஒரு பலகையும் வைத்தார்கள். நான் போய் மேலிருந்து கீழே வரை படித்தேன். இருபத்து மூன்று பெயர். எல்லாம் செடிகளின் பெயர். ஒரு மனிதன் பெயர் இல்லை. நிலத்தை மீட்டது யார், எந்த ஆண்டு, எத்தனை பேர் சிறை போனார்கள், ஒரு வரி இல்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். அது இன்னும் மோசம். பெயரே வேண்டாம் என்கிறவனிடம் சண்டை போடுவது எப்படி?

அதையும் பொறுத்தேன். தை வந்தது. உங்களுக்குத் தெரியும், நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தானே. பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி நிலையில் செருகுவார்கள். டவுனில் அதற்குப் பூளைப்பூ எங்கே கிடைக்கிறது? சந்தையில் வாடினதை வாங்குவார்கள். இந்த வருடம் பூங்காவிலேயே பூத்துக் கிடந்தது. சாந்தாமணியும் அந்தப் பெண்ணும் விடியற்காலையில் போய்ப் பறித்து, கட்டுக் கட்டாகக் கட்டி, ஐந்து வீதிக்கும் வீடு வீடாகக் கொடுத்தார்கள். யார் வீட்டில் என்ன என்று பார்க்கவில்லை. எல்லா வீட்டுக்கும். நான் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுப் போனபோது கதவைத் திறக்காத வீடெல்லாம் சாந்தாமணிக்குத் திறந்தது. அன்று முழுக்க எங்கள் வீட்டு வாசலில் ஆள். “சாந்தாமணியக்கா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டு. நான் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் கேட்கிறார்கள், அவள் இருக்கிறாளா என்று.

என் வீட்டு நிலையிலும் ஒரு கட்டு செருகியிருந்தாள். நான் பகுத்தறிவாளன். நாற்பது வருடமாக என் வாசலில் காப்பு ஏறியதில்லை.

“இதை எடு” என்றேன்.

“பூவுதானுங்களே. இருந்துட்டுப் போகட்டும்.”

“என் கொள்கை என்னன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க. இத்தனை நாளு உங்க கொள்கை இருந்துது. இந்த ஒரு வாரம் என்ற பூவு இருக்கட்டுமுங்க.”

குரல் உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இல்லை, இல்லை. அதனால் மனு எழுதினேன் என்று நினைக்காதீர்கள். சொந்த விஷயத்தையும் பொது விஷயத்தையும் நான் ஒரு நாளும் கலந்ததில்லை. மனு எழுதியதற்குக் காரணம் மாசி.

மாசியில் எல்லாம் காய்ந்துவிட்டது. தும்பை கறுத்துக் குச்சியாக நின்றது. கொழுஞ்சி முள்ளங்காடு மாதிரி. ஒருவரும் வெட்டவில்லை. பூங்காவில் நடக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். “ஏன் வெட்டவில்லை?” என்று சாந்தாமணியைக் கேட்டேன். “விதை இன்னும் உதுரலீங்க. இப்ப வெட்டுனா அடுத்த மழைக்கு ஒண்ணுமே மொளைக்காது. காஞ்சு நிக்கறதுதான் அதுகளோட வேலை” என்றாள். காய்ந்து நிற்பது ஒரு வேலையா? அதே வாரத்தில் ஒரு சாரைப்பாம்பு குறுக்கே ஓடியது. நானே பார்த்தேன்.

சரி, பொதுமக்கள் சார்பில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கையெழுத்து இயக்கம்.

இந்த இடத்தில் என் முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் என்றைக்காவது உதவும். கையெழுத்தை முதலில் வாங்க வேண்டும், கோரிக்கையைக் கடைசியில் எழுத வேண்டும். விழிக்காதீர்கள். இது மில் காலத்து முறை. கோரிக்கை எழுதின தாளில் ஒருவன் கையெழுத்துப் போட்டு, அது மேஸ்திரி கையில் சிக்கினால், மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. அப்படி எட்டுக் குடும்பம் தெருவுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து வெற்றுத் தாளில் பெயர், கையெழுத்து மட்டும் வாங்குவோம். பிடிபட்டாலும் ஒன்றும் இல்லை, வெறும் பெயர்ப் பட்டியல். எல்லாம் சேர்ந்த பிறகு மேல் பக்கத்தை நான் எழுதி, பட்டியலோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்னை நம்பிப் போட்டார்கள். ஒருவரையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை. அந்த முறையில்தான் போனஸ் வாங்கினோம். அந்த முறையில்தான் பூங்கா நிலத்தையும் மீட்டோம்.

மில் மூடி முப்பது வருடம் ஆகிவிட்டதே, இப்போது யாருக்குப் பயந்து என்கிறீர்களா? முறை என்றால் முறைதான். பயம் போனதும் முறையை விட்டுவிடுவதா?

வீடு வீடாகப் போனேன். “பூங்கா விஷயம்” என்றேன். “நல்லது பண்ணுங்கண்ணா” என்று போட்டார்கள். லைட் வேண்டும் என்றார்கள், கக்கூஸ் வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது சாந்தாமணி. என் வீட்டிலிருந்துதான் தொடங்குவது என் வழக்கம். அவள் சமையலறையில் இருந்தாள். தாளை நீட்டினேன், போட்டாள். நாற்பத்து நான்கு வருடமாக அப்படித்தான்.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். மனுவில் ஒரு பாம்பு என்று எழுதினால் அது பாம்பே இல்லை. ‘பாம்பு உள்ளிட்ட விஷ ஜந்துக்கள்’ என்று எழுதினேன். காய்ந்த செடி என்றால் யார் அசைவார்கள்? ‘புதர் மண்டி’ என்று போட்டேன். லைட், கக்கூஸ் எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. எழுத எழுத நன்றாக வந்தது, எனக்கே தெரிந்தது. கடைசியில் ‘இவ்விடம் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு முற்றிலும் இலாயக்கற்றதாகிவிட்டது’ என்று முடித்தேன்.

அந்த வரிதான்.

அந்த வரியை நான் எங்கே எடுத்தேன் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. பழைய வழக்கில் மனை போட்டவனின் வக்கீல் எழுதிய வரி அது. ‘பூங்காவுக்கு இலாயக்கற்ற நிலம், ஆகையால் விற்கலாம்.’ பதினோரு வருடம் அந்த வரியை எதிர்த்துப் பேசிப் பேசி அது என் கைக்கு வந்துவிட்டது போல. நல்ல வரி. அலுவலகத்தில் வேலை செய்கிற வரி.

வேலை செய்தது. என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக ஒரு மனு நடந்ததில்லை. பத்தொன்பது நாள். பங்குனியில் ஒரு புதன்கிழமை காலையில் ஜேசிபி வந்து நின்றது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான். டீக்கடையில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தான். மில்லில் என்னோடு இருந்தவன், வாய் நீளம். “பாத்தியா ஆறுச்சாமி, எழுதுனா வருது” என்றேன்.

“அதென்னமோ வந்துருச்சு. ஏனப்பா வையாபுரி, நீ எழுதுனதுல பாம்பு எத்தனை?”

“ஏன்?”

“இல்லை, அந்த மிஷினப் பாத்தா மலைப்பாம்பு புடிக்க வந்த மாதிரி இருக்குது.”

நான் காய்ந்த செடியை வெட்டச் சொன்னேன். ஜேசிபிக்காரன் மண்ணோடு வழித்தான். ஆவாரை பச்சையாக நின்றது, அதையும். பலகையையும். ஒன்றரை மணி நேரம். அறுபது சென்ட் மொட்டைத் தரை. சத்தம் கேட்டு அந்தப் பெண் நிலோஃபர் கல்லூரிக்குக் கிளம்பின சேலையோடு ஓடி வந்தது. சாந்தாமணி குடத்தோடு நின்றாள். ஜேசிபியோடு வந்த மாநகராட்சி அதிகாரி தாளை விரித்துக் காட்டினார். “நாங்களா வரலைம்மா. பொதுமக்கள் கேட்டிருக்காங்க. இருநூத்துப் பன்னெண்டு பேரு. பூங்காவே வேண்டாம்னு எழுதிக் குடுத்தாச்சு. இங்க குப்பை பிரிக்கற ஷெட் வருது.”

பூங்கா வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எங்கே எழுதினேன்? ‘இலாயக்கற்றது’ என்றுதான் எழுதினேன். திரித்துவிட்டார்கள்.

நிலோஃபர் தாளை வாங்கிப் படித்தது. பக்கத்தைத் திருப்பியது. சாந்தாமணியைப் பார்த்தது. “அக்கா, ரெண்டாவது கையெழுத்து உங்களுதுங்க்கா” என்றது. கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்கிற மாதிரி.

சாந்தாமணி பார்த்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், சோறு வடித்தாள், எனக்குப் போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எழுதுனது எப்பங்க? நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலயா, பொறகாலயா?”

நான் முறையை விளக்கினேன். மில் காலம், எட்டுக் குடும்பம், மேஸ்திரி எல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் பேசினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் சோறு, காப்பி, மாத்திரை, இந்த மூன்றுக்குத்தான் வாய் திறக்கிறாள்.

நீங்களும் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? சரி, கேளுங்கள்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வீட்டுக்கு வந்தது. மூன்றாவது தடவை. அப்போது நான் உள்ளே போகவில்லை, வெளியே வந்தேன்.

“ஐயா, வக்கீலைப் பார்த்தோம். உங்க மனுவை வெச்சுத்தான் எல்லாமே நடக்குது. கையெழுத்து முன்னாடி வாங்கினது, விஷயத்தைப் பின்னாடிதான் எழுதினது, போட்டவங்களுக்கு என்ன எழுதியிருக்குன்னு தெரியாது, இதை நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா வேலையை நிறுத்திடலாம்னு சொல்றாங்க.”

“நான் ஏமாத்துனேன்னு எழுதித் தரச் சொல்றியா அம்மிணி?”

“ஏமாத்துனீங்கன்னு வேண்டாங்கய்யா. நடந்ததை மட்டும் எழுதுங்க.”

நடந்ததை மட்டும். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது. நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் நான் அந்த ஒரு வரியை எழுதினால் நாளைக்கு என்ன ஆகும்? ‘வையாபுரி வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிற ஆள்’ என்று ஆகிவிடும். அந்த முந்நூற்று நாற்பது கையெழுத்தும் அப்படித்தானே என்று தோண்டுவார்கள். போனஸ் போராட்டத்தைத் தோண்டுவார்கள். செத்துப்போன தோழர்கள் பெயரெல்லாம் வரும். அறுபது சென்ட் நிலத்துக்காக நாற்பத்தாறு வருடத்தைக் கொடுக்க முடியுமா? என்னுடையது என்பதற்காகச் சொல்லவில்லை. இயக்கத்தினுடையது.

“முடியாது” என்றேன். அந்தப் பெண் அழுதுவிடும் போல இருந்தது. அழவில்லை. “அடுத்த மாசம் அஸ்திவாரம் போட்டுடுவாங்கய்யா. அதுக்கப்புறம் யார் என்ன எழுதினாலும் பிரயோஜனமில்லை” என்று சொல்லிவிட்டுப் போனது. சாந்தாமணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டோக்கன் அறுபதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு வேகமாகத்தான் போகிறது.

இதோ, இதுதான் என் மனு. படித்துப் பாருங்கள். ‘பொதுமக்கள் அளித்த மனுவை அதிகாரிகள் உள்நோக்கத்துடன் திரித்துப் பொருள்கொண்டு’ என்று தொடங்குகிறது. நன்றாக இருக்கிறதா? ஷெட் வேலையை நிறுத்தக் கோரியிருக்கிறேன். பூங்காவைத் திரும்பத் தரக் கோரியிருக்கிறேன். எனக்கும் அந்த இடம் வேண்டும். அவர்களுக்கு மட்டும்தான் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று அந்தப் பக்கம் போனேன். வேலி போட்டுவிட்டார்கள். பழைய கம்பி வேலி மாதிரியே. கையை வைத்துப் பார்த்தேன்.

கையெழுத்தா? என்னுடையது மட்டும்தான். இந்தத் தடவை ஒரு வீட்டிலும் போடவில்லை. “எழுதிட்டுக் கொண்டாங்கண்ணா, படிச்சுப் பாத்துட்டுப் போடறோம்” என்கிறார்கள். எழுதிக்கொண்டு போனேன். படித்தார்கள். “திரிச்சாங்கன்னு போட்டிருக்கீங்களேண்ணா, யாரு திரிச்சது?” என்றான் ஒருவன். நேற்றுப் பிறந்தவன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சட்டென்று பார்க்காதீர்கள். முன்னால், இடது பக்கம், மூன்றாவது வரிசை. பச்சைச் சேலை. பக்கத்தில் கண்ணாடி போட்ட பெண். பச்சைச் சேலைதான் சாந்தாமணி. ஆமாம், தனித்தனி பஸ்ஸில் வந்தோம். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் இங்கே இருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். அதனால்தான் இந்தத் தூணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அவளா? அவளால் மைக்கில் பேச முடியாது. மளிகைக் கடையில் கூட்டம் இருந்தால் திரும்பி வந்துவிடுகிறவள். அந்தப் பெண்தான் பேசும்.

அறுபத்தேழு. எழுந்துவிட்டார்கள்.

அவள் போகிறாள். அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டது. அவள் மட்டும் போகிறாள்.

“நானுங்க, சாந்தாமணிங்க. நாலாவது வீதிங்க.”

பாருங்கள். மைக்கைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள்.

“அந்தப் பூங்கா மனுவுல ரெண்டாவதா இருக்கறது என்ற கையெழுத்துங்க. அதை வாபஸ் வாங்கிக்கறனுங்க.”

கலெக்டர் கேட்கிறார். மிரட்டி வாங்கினார்களா என்று.

“இல்லீங்க. அவரைக்காய் அரிஞ்சுட்டு இருந்தனுங்க. நீட்டுனாங்க, போட்டனுங்க.”

சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது?

“படிச்சுப் பாக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லீங்க. வெறுந்தாளுங்க. எல்லாத்துக்கிட்டயும் அப்படித்தானுங்க வாங்குனது. வேணும்னா வீடு வீடாக் கேட்டுப் பாருங்க.”

யார் நீட்டியது என்று கேட்கிறார். சொல்ல மாட்டாள். நாற்பத்து நான்கு வருடத்தில் என் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில், ஓட்டுச் சாவடியில், ஆஸ்பத்திரிச் சீட்டில், எங்கேயும் பக்கத்தில் இருக்கிறவர்களைத்தான் சொல்லச் சொல்வாள். நான்கூடத் திட்டியிருக்கிறேன், இது அடிமைத்தனம், பெயரைச் சொல்லு என்று. அவள் சொல்ல மாட்டாள். நீங்களே பாருங்கள், தலை குனிந்துகொண்டு நிற்கிறாள்.

“வையாபுரிங்க. எங்க ஊட்டுக்காரருங்க.”

கேட்டதா உங்களுக்கு? மைக்கில் சொல்கிறாள். மண்டபம் முழுவதும்.

“கெட்டவருன்னு சொல்ல வல்லீங்க. அந்த எடத்தை வாங்கிக் குடுத்ததே அவருதானுங்க. அது அந்தப் பலகையில இருந்திருக்கோணும். ஆனா இது அவரு பண்ணுன தப்புங்க. அவரு வாயில வராது. அதனால நான் சொல்றனுங்க.”

வந்திருக்கிறாரா என்று கேட்கிறார். “இல்லீங்க, கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்காருங்க” என்கிறாள்.

டோக்கன் பதிகிற அந்தக் கணினிப் பையன் என்ன சொல்கிறான் கலெக்டர் காதில்? பட்டியலைக் காட்டுகிறான். தொண்ணூற்று நான்கு, அதே பெயர், அதே வீதி, அதே பூங்கா. கலெக்டரே மைக்கில் கூப்பிடுகிறார்.

“வையாபுரி, தொண்ணூத்தி நாலு. ஐயா உள்ள இருக்கீங்களா? இருந்தா முன்னாடி வாங்க. நீங்க ‘ஆமா’ன்னு சொன்னீங்கன்னா இன்னைக்கே நிறுத்திடலாம்.”

கையைத் தூக்காதீர்கள். தயவுசெய்து கையைத் தூக்காதீர்கள். அவள் திரும்பிவிட்டாள். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். மேடையைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். எழுந்திருக்க வேண்டாம். யாரையோ தேடுகிறார்கள். தேடட்டும்.